கோப்பை ஜெயித்த கல்லூரி அணிக்குப் பாராட்டு விழா: 11 பேரா, 18 பேரா?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறீர்கள். உங்கள் கல்லூரிக் கால்பந்து அணி, பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியில் முதல் முறையாகச் சாம்பியன் ஆகியிருக்கிறது. பாராட்டு விழா நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கையில் 40,000 ரூபாய். யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது, என்ன பரிசு கொடுப்பது, இறுதி ஆட்டத்தில் இறங்கிய 11 பேரை மேடையேற்றினால் போதுமா, அணியில் இருக்கிற 18 பேரையும் ஏற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "எனக்கு விளையாட்டே தெரியாது, சொதப்பிவிடக் கூடாது."

உங்கள் கேள்வியே அந்தக் கடைசி வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு தெரியாதது இதில் பெரிய குறை இல்லை. நான் பார்த்த சொதப்பல்களில் முக்கால்வாசி விளையாட்டு நன்றாகத் தெரிந்தவர்கள் செய்தவை, என்னையும் சேர்த்து. இந்த வட்டாரக் கல்லூரிகளில் 29 ஆண்டு உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடினேன். நானே முன்நின்று நடத்திய பாராட்டு விழாக்கள் 9. அதில் இரண்டு என்னால் கெட்டுப்போனது. இரண்டையும் கீழே சொல்கிறேன். நான் இருந்ததெல்லாம் ஆண்கள் அணிகளோடு. பெண்கள் அணிக்கு விழா எடுக்கிறவர்கள் இதில் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், அதை அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுவிடுங்கள்.

முதலில் 11-ஆ 18-ஆ என்பதை முடித்துவிடலாம். 18 பேரும் மேடையேற வேண்டும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஒரு காலத்தில் உலகக் கோப்பையிலேயே இந்தத் தப்பு நடந்தது. 1974 வரைக்கும் இறுதி ஆட்டத்தின் கடைசியில் களத்தில் நின்ற 11 பேருக்குத்தான் வெற்றிப் பதக்கம். 1966-இல் இங்கிலாந்து ஜெயித்தபோது ஜிம்மி கிரீவ்ஸ் என்ற பேர்போன ஆட்டக்காரர் அணியில் இருந்தார். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் காலில் அடிபட்டு, அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியாமல் போனது. அவர் இடத்துக்கு வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் இறுதி ஆட்டத்தில் 3 கோல் போட்டார். கிரீவ்ஸுக்குப் பதக்கம் இல்லை. 2007-இல்தான் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா மனசு மாறி, பழைய சாம்பியன் அணிகளில் விட்டுப்போன எல்லோருக்கும் பதக்கம் கொடுப்பதென்று முடிவு செய்தது. கிரீவ்ஸும் மற்றவர்களும் 2009-இல் வாங்கிக்கொண்டார்கள், 43 வருடம் கழித்து.

எங்கள் அணியில் இரண்டாவது கோல்கீப்பராக ஒரு பையன் இருந்தான், சோழவந்தான் பக்கம். இரண்டு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட முழுசாக ஆடவில்லை. ஆனால் தினமும் காலை 6 மணிக்கு வந்து முதல் கோல்கீப்பருக்கு நூறு பந்து அடித்துக் கொடுத்தது அவன்தான். அந்த வருடம் கோப்பை ஜெயித்தோம். விழா அன்று கேடயங்களை எண்ணினால் ஒன்று குறைகிறது. பட்டியலைக் கடைக்குக் கொடுத்தவன் நான், எண்ணிக்கையைத் தப்பாக எழுதியவனும் நான். மேடைக்குப் பின்னால் அவனைக் கூப்பிட்டு, "உனக்கு அப்புறம் தர்றேன்டா" என்றேன். "சரி சார்" என்றான். சொன்னபடி அடுத்த வாரம் வாங்கிக் கொடுத்தேன், என் அறையில் வைத்து, தாளில் சுற்றியபடி. பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. மூன்றாம் வருடம் முழுக்க வகுப்பு, வீடு என்றே இருந்துவிட்டான். கூப்பிட்டு அனுப்பினால், "பஸ் கிடைக்கல சார்" என்று ஒரு பதில். நான் கெடுத்த விழாக்களில் இது முதலாவது.

அதனால் விழாவுக்கு முந்தின நாள் மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பி, பேர் பேராக வாசித்து எண்ணுங்கள். 18 பேரோடு நிற்காதீர்கள். பருவத்தின் நடுவில் காலில் அடிபட்டுப் பாதியில் நின்றவன் யாராவது இருப்பான், அவன் பேர் இறுதிப் பட்டியலில் இருக்காது. அணித் தலைவனைக் கேட்டால் சொல்வான். அப்புறம் கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். அவர் விடியற்காலையில் வந்து தண்ணீர் தெளித்து வைக்காவிட்டால் நம் ஊர்ச் செம்மண்ணில் எவனும் சறுக்கி விழுந்து பந்தை எடுக்க முடியாது, தோல் உரிந்துவிடும். ஹாஸ்டல் பிள்ளைகள் இருந்தால், பயிற்சி முடிந்து லேட்டாக வருகிறவர்களுக்குச் சோறு எடுத்து வைத்த மெஸ் அண்ணன். இவர்களுக்குக் கேடயமெல்லாம் வேண்டாம். பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு ஒரு வேட்டி துண்டு, அல்லது அவர்கள் வீட்டுக்கு ஆகிற மாதிரி ஏதாவது கொடுத்தால் போதும்.

பேர் சொல்லிக் கூப்பிடுவது என்றேன். விழாவின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்தில் மரியாதை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். கோயிலில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்று கோர்ட்டு வரைக்கும் போகிற ஊர். ஆனால் கல்லூரி விழாக்களில் என்ன செய்கிறோம்? "இப்போது நமது கால்பந்து அணி வீரர்கள் கௌரவிக்கப்படுகிறார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வரிசையாக வரச்சொல்லி, 18 பேரையும் மூன்று நிமிடத்தில் தள்ளிவிடுகிறோம். ரேஷன் கடை வரிசை மாதிரி நகர்கிறது. எந்தப் பையன் யார் என்று கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அதே ஆட்கள் தை மாதம் அவனியாபுரத்திலோ பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ போய் நின்றால், மைக்கில் பேசுகிறவர் ஒவ்வொரு மாட்டுக்கும் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். எந்த ஊர் மாடு, யாருடைய மாடு, பிடித்தால் என்ன பரிசு, எல்லாம் வாடிவாசல் திறக்கிற நேரத்துக்குள் வந்துவிடும். மாட்டுக்குக் கிடைக்கிற அறிமுகம் நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டாமா?

அந்த மாதிரிச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு விஷயம்: பேர், ஊர், ஜெர்சி எண், இந்தப் பருவத்தில் அவன் செய்த ஒரு காரியம். அந்த ஒரு காரியம் கோலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. "எண் 4. மேலூர். ஸ்டாப்பர் பேக். அரையிறுதியில் கோல்கீப்பர் தாண்டிப் போன பந்தைக் கோட்டில் நின்று தலையால் வெளியே தள்ளியவர்." ஸ்டாப்பர் பேக் என்றால் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவர். இவ்வளவுதான். 20 வினாடி. 18 பேருக்கும் சேர்த்து 6 நிமிடம், அவர்கள் ஏறி வந்து வாங்கிக்கொண்டு கைகொடுத்துவிட்டுப் போகிற நேரத்தையும் சேர்த்தால் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு ஆட்டம் தெரியாது என்பதால் பயிற்சியாளரையும் அணித் தலைவனையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆடவே இறங்காத பையனுக்கு என்ன சொல்வது என்று அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். யோசிக்கட்டும், கட்டாயம் ஏதாவது இருக்கும். மேடையில் வாசிக்க, நன்றாகக் குரல் எடுத்துப் பேசுகிற ஒரு மாணவனைப் பிடியுங்கள். பேராசிரியர்கள் வாசித்தால் வருகைப் பதிவு எடுக்கிற தொனி வந்துவிடுகிறது, நம் தொழில் அப்படி.

பேர் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பையனையும் அவன் கையால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கிறபடி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற பேரைப் பார்த்து எடுக்கக் கூடாது. இனிஷியல் மாறிய சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும், சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகிற இடத்தில் சங்கடம்.

சான்றிதழ் என்று வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பையன்கள் உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள். விழாவில் நீங்கள் கொடுப்பது கல்லூரியின் பாராட்டுச் சான்றிதழ். அது நினைவுக்கு. கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் ஜெயித்ததற்குப் பல்கலைக்கழகம் கொடுப்பது வேறு. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பயன்படுவது இன்னும் வேறு. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுப் படிவங்களில் 3-ஆம் படிவம் என்று ஒன்று உண்டு. அது பல்கலைக்கழகத்தின் சார்பாக, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடியவருக்கானது. பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அதில் கையெழுத்துப் போட வேண்டும், கல்லூரி முதல்வர் போட்டால் செல்லாது. உங்கள் அணி ஜெயித்திருக்கிற போட்டி அதற்கு முந்தின படி. இந்த மாதிரிப் போட்டிகளில் நன்றாக ஆடுகிறவர்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுத்து, தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்புவார்கள். உங்கள் பையன்களில் யாராவது அந்த அணிக்குத் தேர்வாகியிருந்தால், மேடையில் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அது கோப்பையைவிடச் சின்ன விஷயம் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல், "கல்லூரியிலேயே சர்டிஃபிகேட் கொடுத்தாங்களே" என்று நம்பி, விண்ணப்பம் போட்டுத் திரும்பி வந்த பழைய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறப்பு விருந்தினர். பந்து உதைத்த ஆளாகக் கூப்பிடுங்கள். பதவியில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் நேரம்தான் நேரம். பக்கத்துக் கல்லூரி விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். மூன்று மணி என்று அழைப்பிதழ். பையன்கள் ஜெர்சியோடு இரண்டரைக்கே வந்து வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். விருந்தினர் வந்தபோது மணி ஐந்தே கால். வந்தவர் 40 நிமிடம் பேசினார், அதில் கால்பந்து என்ற வார்த்தை இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை "கிரிக்கெட் அணி" என்றும் சொன்னார். கேடயம் கொடுக்க ஆரம்பித்தபோது உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் கடைசி டவுன் பஸ்ஸை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால் என் வரிசை இதுதான்: தமிழ்த்தாய் வாழ்த்து, இரண்டு நிமிட வரவேற்பு, உடனே பையன்கள். பேச்செல்லாம் அதற்கு அப்புறம். விருந்தினர் வரத் தாமதமானால் முதல்வர் கையால் கொடுத்துவிடுங்கள். நிர்வாகம் முகம் சுளிக்கலாம். முன்கூட்டியே முதல்வரிடம் பேசி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டால் அன்றைக்குத் தலைவலி இல்லை.

யாரைக் கூப்பிடலாம் என்றால், பையன்கள் அணிதானே என்று ஆண்களையே தேட வேண்டாம். நம் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி பெண்கள் அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீகையே வென்றது, லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து. அதற்கு முந்தின வருடம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியச் சாம்பியன். அதுவும் மணிப்பூரைத் தோற்கடித்து. நம் பையன்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. அந்த மாதிரி அணிகளில் ஆடிய பெண் ஒருவரோ பயிற்சியாளரோ வந்து, எப்படிப் பயிற்சி எடுத்தோம் என்று பத்து நிமிடம் பேசினால் பையன்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். அப்படி யாரும் அமையவில்லை என்றால் உங்கள் கல்லூரியின் பழைய ஆட்டக்காரர் ஒருவர். எந்தக் கல்லூரியிலும் கோப்பை ஜெயிக்காமலே நன்றாக ஆடிவிட்டுப் போன ஒரு தலைமுறை இருக்கும். "நாங்க மூணு தடவை அரையிறுதியில தோத்தோம்டா" என்று சொல்கிற ஒரு ஆள் மேடையில் இருந்தால் இந்தக் கோப்பைக்கு எடை கூடும்.

பரிசுக்கு வருவோம். பொன்னாடை வேண்டாம் என்பது என் கட்சி. விளையாட்டுப் பையன் அதை வைத்து என்ன செய்வான்? கல்யாண வீட்டில் யாருக்காவது திருப்பிப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு மாலையும் வேண்டாம். முகூர்த்த நாளாக அமைந்துவிட்டால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை எகிறிவிடும். போட்ட கையோடு கழற்றி மேசையில் போடுகிற சமாச்சாரம் அது. ஒரே ஒரு நல்ல மாலை வாங்கிக் கோப்பைக்குப் போடுங்கள், படத்திலும் அழகாக வரும். கேடயம் பற்றி நிர்வாகம் பிடிவாதமாக இருந்தால் சின்னதாக ஒன்று, கீழே பேரும் வருடமும். ஆனால் பையன்களைத் தனியாகக் கேட்டால் சொல்வார்கள், அவர்களுக்கு வேண்டியது பூட்ஸ். அடிப்பாகம் பிய்ந்ததை ஃபெவிக்விக் போட்டு ஒட்டி ஆடிக்கொண்டிருப்பான், உங்களிடம் காட்ட மாட்டான். என் கணக்கு இப்படி வரும்: ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் பூட்ஸ், 18,000. விழா முடிந்து பையன்கள், பெற்றோர் என்று 60 பேருக்குச் சாப்பாடு, தலைக்கு 150 என்றால் 9,000. சட்டம் போட்ட குழுப்படம் ஆளுக்கு ஒன்று, பயிற்சியாளர், மேலாளர் உட்பட 20 பிரதி, 4,000. சான்றிதழ், உறை வகைக்கு 2,700. ஆக 33,700. மீதி 6,300-இல் மைக் செட்டு, கோப்பைக்கு மாலை, கிரவுண்டு அண்ணனுக்கும் மெஸ் அண்ணனுக்கும் வேட்டி. விலை கடைக்குக் கடை மாறும், மொத்தமாக எடுத்தால் குறைத்துக் கேளுங்கள். காலளவை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சொன்ன அளவை நம்பாதீர்கள், கடைக்காரரை ஒருநாள் கிரவுண்டுக்கே வரச் சொல்லுங்கள்.

பைசா செலவில்லாத பரிசு ஒன்று இருக்கிறது, பையன்களுக்கு அதுதான் பெரிது. வருகைப் பதிவு. ஒரு பருவத்தில் பயிற்சி, ஆட்டம் என்று எவ்வளவு நாள் போகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்ட வேண்டும், இன்டர்னல் தேர்வும் போயிருக்கும். ஆட்டத்துக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாகப் போனதாகக் கணக்கு) முறைப்படி ஏறியிருக்கிறதா என்று நீங்களே துறை துறையாகப் போய்ப் பாருங்கள். நீங்கள் ஆசிரியர் என்பதால் உங்களால் முடியும், பி.டி. சார் போய்க் கேட்டால், "உங்க பசங்க வகுப்புக்கே வர்றதில்ல" என்று அனுப்பிவிடுவார்கள். விட்டுப்போன இன்டர்னலுக்கு மறுதேர்வு உண்டு என்று முதல்வர் மேடையில் அறிவிக்கட்டும். அந்த அறிவிப்புக்கு விழுகிற கைதட்டலைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இதுவரைக்கும் சொன்னவற்றில் எனக்கு உறுதி உண்டு. இனிமேல் சொல்வது அவரவர் பார்வை. முதலாவது, ரொக்கம். யாராவது புரவலர் மேடையில் எழுந்து, "கோல் போட்ட தம்பிக்கு ஆயிரம் ரூபாய்" என்று அறிவிக்கலாம். நம் ஊர் வழக்கம், தடுப்பதும் கஷ்டம். நான் ஒரு வருடம் அதை நானே செய்தேன். ஒரு கோலுக்கு இவ்வளவு என்று அதிகம் அடித்த பையனுக்கு விழாவில் தனியாகக் கொடுத்தேன். அடுத்த பருவம் முன்வரிசையில் மூன்று பேர், ஒருவன் இன்னொருவனுக்குப் பந்தே கொடுக்கவில்லை. கால் இறுதியைத் தாண்டவில்லை. பணத்தால்தான் கெட்டது என்று சத்தியம் பண்ண மாட்டேன், அந்த வருடம் நல்ல மிட்ஃபீல்டர் ஒருவன் படிப்பை முடித்துப் போய்விட்டான், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் அதை என் இரண்டாவது சொதப்பல் என்றே கணக்கில் வைத்திருக்கிறேன். பணம் வந்தால் சமமாகப் பிரித்துவிடுங்கள், பெஞ்சில் இருந்தவனுக்கும் அதே பங்கு. வேறு மாதிரிச் செய்து நன்றாக நடத்தியவர்களும் இருக்கிறார்கள்.

அணித் தலைவனைப் பேசச் சொல்வது. சில பையன்கள் பிரமாதமாகப் பேசுவார்கள், சிலர் மைக்கைப் பார்த்ததும் வேர்த்துப்போவார்கள். இறுதி ஆட்டம் சமனாகி, பெனால்டி அடித்து முடிவு செய்கிற டைபிரேக்கருக்குக் கலங்காதவன் "அனைவருக்கும் வணக்கம்" என்பதற்குள் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தோற்ற அணியின் பயிற்சியாளரை அழைப்பது இன்னொன்று. நான் ஒரு தடவை அழைத்தேன், வந்தார். "அடுத்த வருஷம் எங்க காலேஜ்ல விழா, எல்லாரும் வந்துருங்க" என்று ஒரே வரி பேசினார், அரங்கமே சிரித்தது. இன்னொரு தடவை அழைத்தபோது வரவில்லை, இறுதி ஆட்டத்தில் ஒரு பெனால்டியைப் பற்றி வருத்தம் இருந்தது. ஆட்டம் எப்படி முடிந்தது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். தப்பாட்டம் வைத்து வாசலிலிருந்து அரங்கம் வரை ஊர்வலம் வருவது நன்றாகத்தான் இருக்கும், வளாகத்துக்குள் மட்டும்.

ஃப்ளெக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கட்டாயம் கிளப்புவார்கள். காதுகுத்துக்கே நாற்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர் நம்முடையது. சாலையில் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். 2019-இல் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனதற்கப்புறம் நீதிமன்றமும் கடுமையாகவே இருக்கிறது. கல்லூரி வாசலுக்கு உள்ளே ஒன்று போதும். அதில் தாளாளர் படம் ஆளுயரத்துக்கும் பையன்கள் படம் தபால்தலை அளவிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் வடிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், டிசைன் போடுகிறவர் பழக்க தோஷத்தில் அப்படித்தான் போட்டு வைத்திருப்பார்.

பெற்றோர். அழைப்பிதழை மாணவன் கையில் கொடுத்தனுப்பினால் வீட்டுக்குப் போய்ச் சேராது. நீங்களே ஃபோன் செய்யுங்கள், 18 ஃபோன்தான். பலருக்குத் தங்கள் பையன் கல்லூரிக்காக ஆடுகிறான் என்பதே தெரியாது, அல்லது தெரிந்து, "படிக்கிறத விட்டுட்டுப் பந்து பின்னால அலையுறான்" என்று கோபத்தில் இருப்பார்கள். எங்கள் பையன் ஒருவனுடைய அப்பா திருமங்கலத்திலிருந்து கூலி வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டு அரங்கத்துக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். தற்செயலாக வாட்ச்மேன் சொன்னதால் தெரிந்தது. அதனால் முன்வரிசையை அவர்களுக்கு ஒதுக்கி, வாசலில் ஒரு மாணவனை நிறுத்தி அழைத்து வந்து உட்காரவையுங்கள். துறைத் தலைவர்கள் இரண்டாம் வரிசையில் உட்காரலாம், ஒன்றும் ஆகாது. வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டுமானால் சனிக்கிழமை பிற்பகல் தோதாக இருக்கும். நாளைத் தள்ளிப்போடாதீர்கள். செமஸ்டர் தேர்வு குறுக்கே வந்துவிட்டால் அப்புறம் ஆறிப்போன சோறு. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போய்விட்டால் பாதி அணியைத்தான் பாராட்டுவீர்கள்.

குழுப்படத்தை விழா மேடையில் எடுக்க வேண்டாம். முந்தின நாள் மாலை வெயில் சாய்ந்ததும் கிரவுண்டிலேயே, ஜெர்சியில், கோல் கம்பத்துக்கு முன்னால் எடுங்கள். படத்துக்குக் கீழே நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் என்று இடமிருந்து வலமாக எல்லாப் பேரையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். பேர் இல்லாத படத்தைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் யார் யாரென்று எனக்கே தெரிவதில்லை, நான்தான் அதில் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் பேர்ப்பலகை எழுதி வைக்கிற யோசனை வந்தால், பலகையாகச் செய்து மாட்டுங்கள், சுவரில் நேரடியாக எழுதாதீர்கள். நாங்கள் சுவரில் எழுதியதை அடுத்த ஆய்வுக் குழு வருகைக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதைச் செய்ய எல்லோரும் மறப்பார்கள். உங்களிடம் இப்போது இருப்பது அநேகமாகச் சுழற்கோப்பை. அடுத்த வருடப் போட்டிக்கு முன்னால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதன் அடிப்பாகத்தில் ஒவ்வொரு வருடமும் ஜெயித்த கல்லூரியின் பேரைச் சின்னத் தகட்டில் பொறித்து ஒட்டியிருப்பார்கள். சில போட்டிகளில் நடத்துகிறவர்களே பொறித்துத் தருவார்கள், சிலவற்றில் ஜெயித்த கல்லூரிதான் செய்துகொள்ள வேண்டும். உங்கள் பி.டி. சாரிடம் கேட்டு, தகடு உங்கள் பொறுப்பு என்றால் விழாவுக்கு முன்னாலேயே பொறித்துவிடுங்கள். மீதி வைத்த பணத்தில் ஓர் ஐந்நூறு அதற்கு. கோப்பை இப்போது முதல்வர் அறை அலமாரியில் பூட்டியிருக்கும். விழாவுக்கு முன்னால் இரண்டு நாள் அதை ஹாஸ்டலுக்கும் வகுப்புகளுக்கும் எடுத்துப்போக விடுங்கள், கொஞ்சம் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை.